வாய்ப்பருவத்துக்கு ஓர் உதாரணம்

1

இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல. பண்டாரவளையில் உளவியல் டிப்ளோமா வகுப்பு எடுக்கிறேன். "இந்தப் பருவமெல்லாம் மண்டையில ஏறவே மாட்டேங்குது சேர், ஒரு கதையா எழுதிக் குடுங்களேன்" என்று பிள்ளைகள் என் உயிரை எடுத்ததில் பிறந்தது.

பாடம் இதுதான். பிறந்ததிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை குழந்தைக்கு எல்லாமே வாய்தான், அது வாய்ப்பருவம். பாலை வெடுக்கென்று நிறுத்தினால் அந்தக் குறை ஆளுமையில் தங்கிவிடும். வளர்ந்தபின் நகம் கடிப்பார்கள், எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவார்கள். (நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பரீட்சைக்கு வரும்.)

2

மலைமுகட்டில் பனி மெல்ல மெல்ல

வேண்டாம். பனி இல்லாமல் தோட்டத்துக் கதை எழுதவே தெரியாதா எனக்கு?

பெரகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் சுபாஜினி. கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். ஒரு வயது தாண்டிய மகள் தனுஜா இன்னும் பால் குடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாலை மறக்கடிக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகிற அண்ணி விஜயலெட்சுமி மார்பில் பூச வேப்பெண்ணெய் கொண்டுவருகிறாள்.

"நல்லா பூசு. ஒரு தடவ கசந்தா அப்புறம் கிட்டயே வராது."

3

இங்கே குழந்தை வீறிட்டு விலக வேண்டும். பிற்காலத்தில் சுள்ளென்று விழ வேண்டும். பாடம் முடிந்திருக்கும், நானும் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பேன்.

தனுஜா வாய் வைத்தாள். கசந்தது. முகம் கோணியது. அழுதாள். பிறகு அழுதுகொண்டே குடித்தாள்.

[இந்த வரியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன். திரும்பவும் குடிக்கிறாள்.]

"இன்னும் பூசட்டா அண்ணி?"

"பூசி என்னா செய்ய? அது கசப்பையும் சேத்துல்ல குடிக்குது."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனூண்டு குழந்தை ஒரு கோட்பாட்டுக்கு இவ்வளவு அடங்காமல் இருக்கலாமா?

4

சரி, குழந்தையை விடுவோம். தாயை பஸ் ஏற்றிவிடலாம்.

முடிவு அ: சுபாஜினி அழாமல் போகிறாள். (பொய்.)

முடிவு ஆ: போகாமல் லயத்துக்குத் திரும்புகிறாள். (அடுத்த வாரம் எதைச் சமைப்பாள்? அதற்கு என்னிடம் பாடம் இல்லை.)

முடிவு இ: பெரகல சந்தி. குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் யாருடைய குழந்தையோ அழுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், மூளையடியில் இருக்கும் சுரப்பி வேலை செய்து பாலை இறக்கிவிடும். யாருடைய குழந்தை என்று அது பார்க்காது. இதுவும் பாடத்தில் இருக்கிறது, உடற்றொழிலியலில். அது வேறு புத்தகம். சுபாஜினியின் சட்டை நனைகிறது. சால்வையை இழுத்து மூடுகிறாள்.

பக்கத்தில் இருந்த ஸுபைரா என்ற பெண் பார்த்துவிடுகிறாள். "புள்ள எங்க தங்கச்சி?"

பிள்ளைக்குப் பருவம் பருவமாகப் பிரித்து எழுதியவர்கள் இந்தத் தாய்க்கு ஒரு வரி எழுதவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுடைய பதிலை நான் எழுதமாட்டேன்.

கண்டக்டர் மணியடித்துவிட்டார். இறங்குவதா, இருப்பதா, நீங்களே முடிவுசெய்து தொலையுங்கள். பிள்ளை பால் மறந்துவிட்டது என்று மட்டும் அவளைச் சொல்லவைக்காதீர்கள்.