அண்ணாவின் பெயரில் ஒரு வரி

லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்தது எனக்கு. ஐம்பது லட்சம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அன்புவழிபுரத்தில் இன்று யாரைக் கேட்டாலும் என் அண்ணா சசிகரனுக்கு விழுந்தது என்றுதான் சொல்வார்கள்.

துறைமுகப் பக்கம் ஸைனுலாப்தீன் நானாவின் சிறிய கடையை வாடகைக்கு எடுத்து இடியப்பம் விற்கிறேன். நானும் மகள் லக்சனாவும் அதில்தான் சாப்பிடுகிறோம். நானா கடையை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். இனி என்ன செய்வது என்று தவித்த நேரத்தில்தான் சீட்டு விழுந்தது. கடையை நானே வாங்கிவிடலாம் என்று துள்ளிக்கொண்டு அண்ணாவிடம் ஓடினேன். சீனன்குடாவில் ஒரு அலுவலகத்தில் கிளாக்கர் அவர். சட்டம் தெரிந்தவர் என்று நாங்கள் தலையில் தூக்கி வைத்திருந்த ஆள்.

"உன்ர பெயரில காசை எடுத்தா வரிக்காரர் உனக்கும் ஃபைல் திறப்பினம். அஸ்வெசுமவும் நிண்டிடும். என்ர பெயரில எடுப்பம். நான் எப்பிடியும் வரி கட்டுற ஆள்தானே."

மாதாமாதம் வருகிற அந்த அரசாங்க உதவிக்காசு போய்விடுமோ என்று பயந்து ஐம்பது லட்சச் சீட்டைத் தூக்கிக் கொடுத்தேன். என்னை மாதிரி ஒரு விசரி இருப்பாளா? சீட்டின் பின்பக்கத்தில் அவர் பெயரெழுதப் பேனையும் நான்தான் கொடுத்தேன்.

காசெடுக்கக் கொழும்புக்குப் போய் வந்தவர், கேட்டபோதெல்லாம் "வரி அலுவல் முடியேல்ல" என்றார். அங்கேயே வரியை வெட்டிக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுப்பார்கள் என்று நானா சொல்லித்தான் தெரியும். அதுவும் கடையை விற்ற பிறகு.

"உங்கட அண்ணாதான் வாங்கினார், தங்கச்சி. உங்களுக்கெண்டுதான் நினைச்சன்."

நேரே அண்ணா வீட்டுக்குப் போனேன்.

"அது என்ர சீட்டு, அண்ணா."

"ஆர் இல்லையெண்டது? ஆனா வரி வெட்டினது ஆற்ற பெயரில? அரசாங்கத்தின்ர கண்ணில வெண்டது நான்." கதிரையில் வசதியாகச் சாய்ந்தார். "அந்த வரியும் உன்னை மாதிரி ஏழைச் சனத்துக்குத்தானே போகுது. உன்ர அஸ்வெசும நிண்டதே? இல்லையே."

கூடப் பிறந்தவன் வாயிலிருந்து இப்படி ஒரு கதை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"கடையை நீயே நடத்து. வாடகையை மட்டும் ஒண்டாந் திகதி தந்திடு."

லக்சனாவை நினைத்தேன். ஏலாது என்று சொன்னால் போக எனக்கு வேறு இடம் இல்லை.

"ஓம், முதலாளி" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. ஆனால் அப்படிக் கூப்பிடாதே என்று சொல்லவில்லை.