மூன்றாம் தட்டின் மஞ்சள் புள்ளி

நீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மூன்றாம் தட்டில் வளர்ந்த கிருமிகள் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தாமாகவே பிரிந்து நின்றன. உருண்டைகள் இடப்பக்கம், குச்சிகள் வலப்பக்கம், சுருள்கள் விளிம்போரம். ஒரு மஞ்சள் புள்ளி மட்டும், குழுப் புகைப்படத்தில் எங்கே நிற்பதென்று தெரியாத ஆளைப்போல, நடுவிலேயே நின்றது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் வை. இல்லன்னா நீராவிக் கலன்ல போட்டுடு" என்றார் மேலாளர். பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கும் பரிசோதகியை அவர் "இந்தாம்மா" என்பார். வீட்டில் கணவர் "இங்க பாரு" என்பார். வருகைப் பதிவேட்டில் அவள் பதினொன்று. புள்ளியைக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கிருமிக்குப் பேர் இரண்டு சொல். முதலாவது பேரினம், கூட்டத்துக்குப் பொதுவானது. இரண்டாவது அதற்கே உரியது. சாயம் ஏற்றினாள், ஊதாவாகப் பிடித்தது. காலையில் குச்சியாக இருந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உருண்டையாகிவிட்டது. அப்படி ஆள் மாறுகிற பேரினம் ஒன்று முன்பே உண்டு என்பதால் முதல் சொல் புதனன்றே கிடைத்தது. இரண்டாவதுதான் இழுத்தடித்தது. நிறத்தை வைத்து ஒன்று எழுதி ஒட்டினாள், சீட்டு உதிர்ந்தது. அது கிடைத்த தண்ணீர்க் குழாயின் பேரை வைத்து எழுதினாள். புள்ளி கடுகளவாகச் சுருங்கியது. "என் பேரையே வச்சுடேன்" என்றார் மேலாளர், கூச்சப்படுவதுபோல. வைத்தாள். புள்ளி மூடியில் ஏறித் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

வியாழன் மாலை, கைப்பையை எடுத்த பிறகு, "உனக்கு யார் பேர்தான்டி வேணும்?" என்று தட்டிடம் கேட்டாள். தன் பேர் நாக்கு நுனிவரை வந்தது. கண்டுபிடித்தவர் தன் பேரைத் தானே வைப்பது அந்தத் தொழிலில் வழக்கமில்லை, விழுங்கிக்கொண்டாள். தன் பேரைக் கடைசியாக யார் சொன்னது என்று யோசித்தாள். பள்ளிக்கூட டீச்சர், பாடத்தின்போது இவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததற்காக.

வெள்ளியன்று மேலாளர் கலனைத் திறந்துவிட்டு வந்தபோது, தட்டு முழுக்க மஞ்சள், எழுத்து எழுத்தாக, சற்றே சாய்ந்து படர்ந்திருந்தது.

"யார் பேரு இது?"

"என் பேருதான் சார்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

கிருமியே தனக்குப் பேர் வைத்துக்கொள்வதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை என்பதால் அவர் கையெழுத்துப் போட்டார்.

விதிப்படி இரண்டு நாடுகளின் கிருமிச் சேமிப்பகங்களுக்கு அது அனுப்பப்பட்டது. அங்கேயும் அவள் பேரையே எழுதுகிறது. எழுத்து இன்னும் திருந்தலாம் என்று ஒரு கடிதம் வந்தது. கடிதத்தைக் கணவர் இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை, குளியலறையிலிருந்து தலையை நீட்டி, பேரினத்தையும் சேர்த்து இரண்டு சொல்லாக, தடுமாறாமல் அவளைக் கூப்பிட்டார்.

"என்னங்க?"

"துண்டு எங்க?"

"கொடியில" என்றாள்.