சாயங்காலம் போனை எடுக்காதே

வீட்டுக்காரர் அப்படிச் சொன்ன அன்றே தையல்காரிக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. "நான் முன்னறையில இருக்கறப்போ போனை எடுக்காதே." சொல்லிவிட்டுக் கதவையும் சாத்திக்கொண்டால் எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்?

அவர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். கடைகடையாக ஏறி இறங்கி வாங்கும் ஆர்டர்களை முன்பெல்லாம் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது கம்பெனி அவருக்கு ஒரு மடிக் கணினி கொடுத்திருந்தது. பெயர்தான் மடி, வைத்துப் பார்த்தால் தொடை மரத்துப்போகும் கனம். கூடவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு மோடம். முன்னறை போனின் ஒயரைப் பிடுங்கி மோடத்தில் செருகி, தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டால் ஆர்டரெல்லாம் லைன் வழியாகவே போய்விடுமாம். இதையெல்லாம் சாப்பிடும்போது ஒருநாள் விலாவாரியாகத்தான் சொன்னார். அவள் மண்டையில் ஏறியது 'போனை எடுக்காதே' மட்டும்தான்.

பார்க்க வந்த அவள் அக்காக்காரி சும்மா இருந்தாளா? எரிகிற அடுப்பில் இன்னும் ரெண்டு விறகைச் செருகிவிட்டுப் போனாள்.

"வேலைன்னா எதுக்குடி கதவு? சமையலறையில இன்னொரு போன் இருக்கில்ல, அதே லைன்தானே? எடுத்துக் காதுல வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். பேச்சு மூச்சு இல்லை. கத்திக்குச் சாணை பிடிப்பதுபோல ஓர் இரைச்சல் காதைக் கிழித்தது. சட்டென்று வைத்துவிட்டாள். உள்ளே அவர் யாரையோ திட்டுவதும் மறுபடி எண்கள் விழும் சத்தமும் கேட்டன. பேசி முடித்த கையோடு திரும்பக் கூப்பிடுகிறாரென்றால் எவ்வளவு மயக்கம் இருக்க வேண்டும்! நாம் கேட்பது தெரிந்து பேச்சை மறைக்கத்தான் அந்த இரைச்சலைப் போடுகிறார் என்று அவளாகவே முடிவுகட்டினாள். இரைச்சலைப் போடுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று மறுநாளும் எடுத்தாள். அதற்கடுத்த நாளும் எடுத்தாள்.

ஒருநாள் அவர் முகம் வாடிப்போய் வெளியே வந்தார்.

"பாதியிலேயே அறுந்துடுது. நீ போனை எடுத்தியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சீருடை தலைக்கு மேல கிடக்கு."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவளை அந்தக் கேள்வி கேட்கவே இல்லை. ஒயரை மாற்றினார். லைன்மேனை வரவழைத்துச் சுவர்ப் பெட்டியைக் கழற்றி மாட்ட வைத்தார். மோடத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கூடப் பார்த்தார், பாவம்.

ஒரு மாலை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். குட்டை முடி, தோளில் தோல் பை, நல்ல நறுவிசான ஆள். தையல்காரிக்குக் கை ஊசியிலேயே நின்றுவிட்டது. இவளேதான். என்ன தைரியம், வீடு தேடியே வந்துவிட்டாள்!

"மேடம்" என்று வீட்டுக்காரர் பதறி எழுந்தார்.

வந்தவள் கம்பெனி மேலாளர்.

"உங்க ஏரியா ஆர்டர் பாதி நாள் வர்றதே இல்ல. கேட்டா மோடம் மேல பழி போடறீங்க. ஆனா அந்தக் கடைகள்ல எல்லாம் வேற கம்பெனி சரக்கு போய் உக்காந்திருக்கு. என் முன்னாடி அனுப்புங்க, பார்க்கலாம்."

விருந்தாளி இருந்ததால் கதவு திறந்தே இருந்தது. தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு நிலைப்படியில் வந்து நின்றாள். அவர் ஒயரைச் செருகி விசையைத் தட்டினார். மோடம் கிறீச்சிட்டது. அதே சாணைச் சத்தம். அட பாவி மனுஷி, இத்தனை நாளும் நீ ஒட்டுக்கேட்டது இதைத்தானா?

ஆர்டர் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவர் பரீட்சையில் தேறிய பிள்ளைபோல் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை.

"நல்லாத்தானே வேலை செய்யுது? அப்போ மத்த நாள்ல நீங்க அனுப்பவே இல்ல. அந்த ஆர்டரையெல்லாம் யாருக்குக் கொடுத்தீங்க?"

"சத்தியமா அனுப்பினேன் மேடம்."

"இதை நான் எடுத்துட்டுப் போறேன். நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்." மேலாளர் மோடத்தின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

தையல்காரி ஓரடி உள்ளே வைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும், அவர் பிழைப்பு போகும்.

"இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஒயரை மறுபடி செருகினார். அவள் சமையலறைக்குப் போனாள். மோடம் கத்தி ஓயும்வரை காத்திருந்து ரிசீவரை எடுத்தாள். திரும்பி வந்தபோது திரை பாதி வரியில் நின்றிருந்தது.

"தினமுமா?" என்றார் மேலாளர்.

"பெரும்பாலும்."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். புரிந்துவிட்டது. "வேலையில இருங்க. ஆபீஸ்ல இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்காரர் ஒயரைச் சுருட்டி வைத்தார். அவள் கேட்டாள்: "கதவை எதுக்குங்க சாத்தினீங்க?"

"அது கத்துதே. தைக்கறப்போ உனக்குத் தலைவலி வந்துடுமேன்னுதான்."

லைன், ஒயர், மோடம் என்று வீட்டில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனுஷன் அவள் சொன்ன பொய்யை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

"போன்ல யார் இருக்காங்கன்னு நெனச்சே?" என்று கேட்டார். அவள் போய்ச் சீருடையை எடுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

மறுநாள் மாலை அவர் கணினியைத் திறப்பதற்கு முன் சமையலறைக்கு வந்தார். சுவரிலிருந்து போனைக் கழற்றினார். அதைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். போனை எடுக்காதே என்று அவளிடம் சொல்லவில்லை.