பதினோரு கிராம்

அத்தானுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். எடை.

இடுப்பைச் சுற்றி இருக்கிற எடையோடு அவருக்கு எந்தப் பகையும் கிடையாது. அது பல வருஷத்துச் சிநேகம். முதுகில் ஏறுகிற பைக்குள் இருப்பதைத்தான் விடமாட்டார். மாதம் ஒரு தடவை, சனி ஞாயிறு சேர்ந்தாற்போல், மலையேறப் போகிற வீடு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சமையலறை மேசையில் மின்தராசு வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் கத்திரிக்கோல். பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்குவார். துண்டை நாலாகக் கிழிப்பார். அக்காவின் ஸ்வெட்டரில் துவைக்கும் முறை எழுதியிருந்த துணித் துணுக்கைக்கூடப் பிரித்தெடுத்து, "ரெண்டு கிராம்" என்று, பாறையைப் புரட்டிப் போட்டவர் போல் பெருமூச்சு விடுவார்.

அக்கா ஒன்பது வருஷமாக இதைப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் பார்ப்பதுகூட இல்லை.

பார்ப்பது சின்னவள்தான். அக்காவின் தங்கை. இந்த ஊரில் வேலை கிடைத்ததால் அக்கா வீட்டில் தங்கியிருப்பவள். மருந்துக் கம்பெனி ஒன்றில் லேபிள் சோதிக்கிற பிரிவு. காலையிலிருந்து மாலை வரை மாத்திரை அட்டைகளைப் பார்ப்பாள்: மருந்தின் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி. இவற்றில் ஓர் எழுத்து மங்கியிருந்தாலும் பெட்டி மொத்தமும் திரும்பிப் போகும். அதற்காக அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். கம்பெனியில் அவளுக்கு சைலன்ஸர் என்று பெயர். வீட்டில் அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அத்தான் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள் என்கிற ஏற்பாடு அங்கே தகராறில்லாமல் நடந்துவந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கத்திரிக்கோல் முதலுதவி டப்பாவை வந்தடைந்தது.

டப்பாவில் ஆறு வகை மாத்திரைகள். காய்ச்சலுக்கு, அலர்ஜிக்கு, வாந்திக்கு, வயிற்றுப்போக்குக்கு, அத்தானின் முட்டி வலிக்கு, அத்தானின் ரத்த அழுத்தத்துக்கு. காகித உறைகள் முதலில் குப்பைக் கூடைக்குப் போயின. உள்ளே மடித்து வைத்திருந்த விவரத்தாள்களும் போயின. படிக்கவா மலைக்குப் போகிறோம் என்று அத்தான் கேட்டார். கேள்வியை யாரிடம் கேட்டார் என்று தெரியாததால் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு அட்டைகளைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு மாத்திரையைச் சுற்றியும் காசு அளவுக்கு, வட்டமாக, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு வெட்டினார். வெட்டி எடுத்த ஒவ்வொன்றின் முதுகிலும் அரை எழுத்து, கால் எண் மிஞ்சியது. அட்டைகள் ஓட்டை ஓட்டையாகக் கூடைக்குள் விழுந்தன.

"பேரு போயிடுமே அத்தான்," என்றாள் சின்னவள். அன்றைக்கு அவள் வீட்டில் பேசிய முதல் வாக்கியம் அது.

"மாத்திரைக்குப் பேரு எதுக்கும்மா? கூப்பிட்டா ஓடி வரப் போகுதா?" அத்தான் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இங்க இருக்கு. தலைக்கு எடை கிடையாது."

அதில் அவளுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இன்னும் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டியிருந்தது. மாத்திரைக்குள் ஈரம் போகாமல் காப்பதே அந்த ஓரம்தான் என்பது ஒன்று. டப்பாவைப் பையின் உச்சியில் வெயில் படும்படி கட்டக்கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் பிடுங்கிய அன்று அக்கா ஒரு வலி மாத்திரை போட்டாள். கால் மணியில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி ஆயிற்று. அதே மாத்திரைதான் இப்போது அத்தானின் முட்டிக்காக, மற்ற ஐந்தோடு கூடிக் குலாவி, பெயர் இல்லாமல் டப்பாவில் கிடக்கிறது. மூன்றும் சின்னவளின் தொண்டை வரை வந்தன. அத்தான் தராசைப் பார்த்து, "பதினோரு கிராம்" என்று அறிவித்ததும் மூன்றும் வந்த வழியே இறங்கிப் போயின.

எல்லோரும் கூடத்துக்குப் போன பிறகு கூடையிலிருந்து ஓட்டை அட்டைகளைப் பொறுக்கி, பழைய தபால் உறை ஒன்றில் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பெரிய முன்யோசனை எல்லாம் இல்லை. வெட்டி எறிந்ததையும் கணக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கை தானாகச் செய்தது.

மறுநாள் மலை தன் வழக்கப்படி உயரமாக இருந்தது. முன்னால் அத்தான், நடுவில் அக்கா, பின்னால் சின்னவள். டப்பா அத்தானின் பையின் உச்சியில், சட்டென்று எடுக்க வசதியாகவும், சூரியனுக்கு இன்னும் வசதியாகவும் உட்கார்ந்திருந்தது. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் அத்தான் நின்று, தன் பை எவ்வளவு லேசாக இருக்கிறது என்று சொன்னார். மூச்சு வாங்கியதால் அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பதினோரு மணி இருக்கும். அக்கா காலணிக்குள் புகுந்த கல்லை எடுப்பதற்காக ஒரு பட்ட மரத்தில் கையை ஊன்றினாள். மரம் காலியாக இல்லை. குளவிகள் குடியிருந்தன. மூன்று கொட்டின. மற்றவை வருவதற்குள் மூவரும் ஓடி வெட்டவெளிப் பாறை ஒன்றுக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் அக்காவின் கை புறங்கையிலிருந்து முழங்கை வரை வீங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்திலும் தடிப்புகள் எழுந்தன. போனில் சிக்னல் இல்லை. அடிவாரத்து மருத்துவமனைக்கு இறங்க இரண்டு மணி நேரம் ஆகும்.

"பதட்டப்பட எதுவுமே இல்ல. இதுக்குத்தானே டப்பா," என்றார் அத்தான். திறந்தார்.

எல்லாம் வெள்ளை. எல்லாம் வட்டம். வெயிலில் வெந்து, கத்திரிபட்ட இடத்தில் ஈரம் இறங்கி, இரண்டு மாத்திரைகள் மாவாகியிருந்தன. அத்தான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தார். தலையில் இருந்ததெல்லாம் ஏறி வந்த வழியில் எங்கோ இறங்கிவிட்டது போலிருந்தது. சின்னது அலர்ஜி, பெரியது வலி என்று முதலில் சொன்னார். சின்னதாகவே மூன்று இருந்தன. ஓரம் சரிந்தது அலர்ஜி என்று திருத்திக்கொண்டார். கடைசியில் ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இதுதான். தொண்ணூறு சதவீதம்."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷப் பழக்கம்.

சின்னவள் அந்த மாத்திரையைப் பார்த்தாள். அவள் சிவப்பு ஸ்டிக்கர் எதுவும் கொண்டுவரவில்லை.

"போடாத அக்கா."

குரல் எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"என்னம்மா நீ? நீ என்ன டாக்டரா?" என்றார் அத்தான்.

"இல்ல. லேபிள் பாக்கறவ. இதுல லேபிள் இல்ல." அவர் உள்ளங்கையில் இருந்ததைச் சுட்டிக் காட்டினாள். "மிச்சம் பத்து சதவீதத்துல அந்தப் பல்லு மாத்திரை இருக்கு அத்தான். அக்கா தொண்டை அடைச்சா இங்கிருந்து யாரு தூக்கிட்டு ஓடுறது? நீங்களா?"

அத்தான் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டார்.

மூச்சு விட முடிகிறதா, நாக்கு தடிக்கிறதா என்று சின்னவள் அக்காவிடம் கேட்டாள். முடிகிறது, இல்லை என்றாள் அக்கா. அரிப்புதான் உயிர் போகிறது என்றாள். சின்னவள் தபால் உறையைப் பாறைமேல் கவிழ்த்தாள். ஆறு ஓட்டை அட்டைகள். காற்று அடித்தது. தொப்பியை மறைவாகப் பிடித்துக்கொள்ளும்படி அத்தானிடம் சொன்னாள். எதிர்த்து ஏதோ சொல்லத் தொடங்கியவர், அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் பிடித்தார்.

முதலில் அவர் பிதுக்கிய மாத்திரையின் வெற்றுக் கூட்டை எடுத்தாள். அதன் முதுகில் ஒரு பாதி எழுத்து. ஒவ்வோர் ஓட்டையிலும் வைத்துப் பார்த்தாள். முதல் அட்டையில் இடித்தது. இரண்டாவதில் ஆடியது. நான்காவதில் கச்சிதமாகப் பொருந்தி, பாதி எழுத்து மறுபாதியோடு சேர்ந்து முழுசாயிற்று.

படித்தாள். அட்டையை அக்காவிடம் நீட்டினாள். அந்தப் பெயரை அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டில் படித்துப் படித்து மனப்பாடம் செய்திருந்தாள். அவள் கணவரைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே பார்த்தாள்.

உள்ளங்கையில் இருந்ததை அத்தான் மெதுவாகக் கீழே போட்டார். தொப்பி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அலர்ஜி மாத்திரை ஐந்தாவது அட்டையில் பொருந்தியது. செட்ரிசின். அதே அட்டையில் இன்னொன்றையும் பொருத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஓரத்தில் தேதி இருந்தது. இன்னும் ஏழு மாதம் பாக்கி. கூடு கிழியாமல் இருந்ததைத் தேர்ந்தெடுத்து அக்காவுக்குத் தண்ணீரோடு கொடுத்தாள். அதோடு நிற்காமல் மற்ற அட்டைகளையும் படித்தாள். வயிற்றுப்போக்கு மாத்திரை போன வருஷமே காலாவதி. அதைச் சத்தமாகவே சொன்னாள். வாய் ஒருமுறை திறந்துகொண்டால் இப்படித்தான் ஆகும் போலிருந்தது.

உடனே இறங்கினார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சின்னவள் "மூச்சு?" என்றாள்; அக்கா "இருக்கு" என்றாள். மூன்று பைகளையும் அத்தான் சுமந்தார். எவ்வளவு கிராம் என்று சொல்லவில்லை.

அடிவாரத்து டாக்டரம்மா ஊசி போட்டு, சாயங்காலம்வரை படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தப்பான மாத்திரை போயிருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். பிறகு டப்பாவைத் திறந்து, அந்தக் காசுகளை விரலால் கிளறிப் பார்த்தார்.

"யாரு இதை வெட்டினது?"

"எடை குறைக்கத்தான் டாக்டர்," என்றார் அத்தான். "பதினோரு கிராம்."

டாக்டரம்மா மூலையில் இருந்த எடை மிஷினைக் காட்டி, ஏறி நிற்கச் சொன்னார். ஏறினார். முள் போய்க்கொண்டே இருந்தது. தொண்ணூற்று நாலு கிலோ. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி, மருந்துச் சீட்டு கொடுப்பதுபோல் அவர் கையில் கொடுத்தார்.

"ஆனா பாருங்க டாக்டர்," அத்தான் விடவில்லை, "வெட்டின ஓரத்தையும் மறக்காம எடுத்துட்டுத்தான் வந்தோம்."

"வந்தோம் இல்ல," என்றாள் சின்னவள். "நான் எடுத்துட்டு வந்தேன். அத்தான் குப்பையில போட்டாரு."

கட்டிலில் இருந்து அக்கா சிரித்தாள். ஊசி போட்ட அசதியில் அது முழுச் சிரிப்பாக வரவில்லை. ஆனாலும் அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த மாதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தராசு வழக்கம்போல் மேசையில் உட்கார்ந்திருந்தது. சின்னவள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். அட்டைகள் முழுசாக, உறையோடு, விவரத்தாளோடு. ஈரம் புகாத பைக்குள் கட்டி, வெயில் படாமல் பையின் நடுவில் துணிகளுக்குள் வைக்கத் தோதாக. மேலே பட்டியல்: எது எதற்கு, எந்தத் தேதிவரை. அத்தானின் முட்டி மாத்திரை மட்டும் டப்பாவில் இல்லை. அது அவர் சட்டைப் பையில், அவர் பெயர் எழுதி.

முந்நூற்று எண்பத்தாறு கிராம் என்றது தராசு.

அத்தான் வாயைத் திறந்தார்.

"உங்க தலைல இருந்ததை எல்லாம் இறக்கி வெச்சிருக்கேன் அத்தான்," என்றாள் சின்னவள். "அதான் கொஞ்சம் கனம்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கத்திரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்ல அதைக் கையில் எடுத்து, தன்னுடைய புது பிரஷ்ஷின் காம்பை நறுக்கத் தொடங்கினார்.