தட்டான் உட்கார ஒரு கோரை

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. தஞ்சாவூரில் ஒரு நர்சரியில் ரோஜாப் பதியன் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், "தட்டான் வந்து உக்கார்ற மாதிரி செடி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் ரோஜாவை மறந்துவிட்டேன்.

அவளுக்கு ஃபிளோரா என்று பெயர் வைக்கிறேன். ஊர் குத்தாலம், வருடம் 2003, வேலை பள்ளிக்கூட டீச்சர். மறுத்துச் சொல்ல அவள் இங்கே இல்லை.

2

தொடக்கம்: 'காவிரியில் தண்ணீர் வந்த அன்று காலை ஃபிளோரா...'

வேண்டாம். டெல்டா கதை என்றாலே காவிரியில் தண்ணீர் வந்தாக வேண்டுமா? நேராகவே சொல்கிறேன்.

அவள் கணவன் அருள்பிரகாஷ் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். அவன் அனுப்பிய பணத்தில் புது வீடு எழும்பியது. வீட்டின் பிளான் அவனுடையது, சுவரின் நிறம் நாத்தனாருடையது, வாசற்கதவு மாமனார் பெரியநாயகசாமி பார்த்து வாங்கியது. கொல்லையில் வெட்டிய சின்னக் குளம் ஒன்றுதான் ஃபிளோரா ஆசைப்பட்டுக் கேட்டது.

அதில் கொசு வந்தது.

"அருள் லீவுல வர்றதுக்குள்ள கொசு போவலன்னா மண்ணப் போட்டு மூடிருவோம்மா" என்றார் மாமனார்.

"தட்டான் வந்தா கொசு போயிடும் மாமா" என்றாள், விலங்கியல் படித்த மருமகள்.

3

(செடி தேர்ந்தெடுக்கும் பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். போனால் அடுத்தது புரியாது.)

நடுவில் அல்லி, தட்டானின் புழு அதன் நிழலில் ஒளிந்திருந்து கொசுப்புழுவைத் தின்று வளரும். ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் கோரை. வளர்ந்த புழு அதைப் பிடித்துத்தான் மேலே ஏறும், தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பறக்கும். அல்லி நர்சரியில் கிடைத்தது. கோரையை யார் விற்பார்கள்? வாய்க்கால் கரையில் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து நட்டாள். இரண்டு மாதத்தில் தளதளவென்று வளர்ந்தது, எங்கிருந்தோ வந்த தட்டான் ஒன்று இட்டுப்போன முட்டைகள் பொரிந்து புழுக்களும் பெருத்தன.

பெரியநாயகசாமியிடம்தான் தடுமாறினேன். முதலில் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன்: 'மீசையை முறுக்கியபடி அவர்...' அடித்துவிட்டேன். மருமகள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவள் சைக்கிளுக்குக் காற்றடித்து வைக்கிற மனிதரை எப்படி வில்லனாக்குவது? எனக்கே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

4

அருள் வர இன்னும் பன்னிரண்டு நாள். ஃபிளோரா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பெரியநாயகசாமி குளத்தைப் பார்த்தார். ஓரமெல்லாம் களை. மகன் வந்து பார்த்தால் மருமகளைப் பற்றி என்ன நினைப்பான்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். [ஐம்பது வருடம் நெல் வயலில் கோரை பிடுங்கிய கை. கண்ணில் பட்டால் அது சும்மா இருக்காது.]

சாயங்காலம் அவள் வந்தபோது கரையில் கோரைக் குவியல் வாடிக் கிடந்தது.

"பாரும்மா, ஒண்ணு விடாம எடுத்துட்டேன்!"

ஃபிளோரா அழுதுவிட்டாள். குவியலில் ஒரு தண்டை எடுத்து, அதில் பாதி உரிந்தபடி செத்திருந்த புழுவைக் காட்டினாள். "இது ஏறத்தான் வச்சேன் மாமா."

"மாதாவே! களைய யாரும்மா வேணும்னு நடுவாங்க?" என்றார் அவர். ராத்திரி சாப்பிடவில்லை.

5

முடிவு ஒன்று: அவள் கோபித்துக்கொண்டு திருப்பனந்தாளில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். காலாண்டுப் பரீட்சை நேரத்தில் எந்த டீச்சர் போவாள்?

முடிவு இரண்டு: மறுநாளே ஆயிரம் தட்டான்கள் வந்து... இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விடிந்து ஃபிளோரா கொல்லைக்கு வருகிறாள். மாமனார் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். வாய்க்காலிலிருந்து கொண்டுவந்த கோரையை நாற்றுமுடிபோல் இடது கையில் பிடித்துக்கொண்டு, சாணுக்கு ஒன்றாக நட்டுக்கொண்டிருக்கிறார்.

"வரிசை கோணாம இருக்கா, பாரும்மா?"

மீதிப் பதினோரு நாளில் தட்டான் வருமா, குளம் தப்புமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஃபிளோரா வரிசையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எழுபத்திரண்டு வயதுக்காரர், பதில் வரும்வரை நிமிரமாட்டார். நீங்களாவது சீக்கிரம் சொல்லுங்கள்.