வட்டத்தில் உட்கார்ந்த அத்தை

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பட்டப்படிப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள் மருமகள். அதே வகுப்பின் கடைசி வரிசையில் அவளுடைய மாமியாரும் படித்துக்கொண்டிருந்தார். நம்பித்தான் ஆகவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். விட்டுப்போன படிப்பை முடிக்கிறேன் என்று கிளம்பியபோது, மறுத்துப் பேச வீட்டில் ஆள் ஏது? ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"காலேஜ்ல நீ யாரோ, நான் யாரோ. மாமியாரும் மருமகளும் ஒரே கிளாஸ்னு தெரிஞ்சா நம்மளை வெச்சு சிரிப்பாங்க."

வீட்டில் மூச்சுவிடாமல் பேசுகிற அத்தை வகுப்பில் வாயே திறக்கவில்லை. மருமகள் நேர் எதிர். வீட்டில் அடக்கிவைத்ததையெல்லாம் வகுப்பில் கொட்டித் தீர்த்தாள். கலந்துரையாடலை நடத்தும் முறை போன மாதம் அவளுக்கு வந்தபோது, கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொல்லி, நன்றியும் தெரிவித்து முடித்துவிட்டாள்.

"நல்லாதான் பேசினீங்க," என்றார் பேராசிரியை. "ஆனா நடத்தறவங்க வேலை பேசறது இல்ல, பேச வைக்கறது. இன்னொரு தடவை தரேன். மணி அடிக்கறதுக்குள்ள எல்லாரும் பேசியாகணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் மார்க் கிடையாது."

மார்க் இல்லையென்றால் பாடம் போச்சு. இன்னொரு வருடம் இழுக்கும். எல்லாரும் என்றால் அத்தையும்தானே! கலந்துரையாடலுக்கு முதல் நாள் சமையலறையில் மருமகள் கெஞ்சிப் பார்த்தாள்.

"அத்தை, நாளைக்கு ஒரு வார்த்தையாவது பேசிடுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்? எல்லாம் சின்னப் பசங்க. ஏதாவது உளறி வெச்சா மானம் போயிடும்," என்றார் அத்தை. அதோடு விட்டாரா? மருமகள் வெங்காயம் நறுக்கும் லட்சணத்தைப் பற்றி அடுத்து ஒரு முழுப் பிரசங்கம் நடந்தது.

ஆக, வார்டையே நடுங்க வைத்தவருக்கு வகுப்பறை என்றால் பயம். மருமகளுக்கு முதல்முறையாக அத்தையின் மேல் இரக்கம் வந்தது. எரிச்சலும் வந்தது, அது வழக்கமாக வருவதுதான்.

மறுநாள் தலைப்பு, 'வீட்டில் கடைசி முடிவு யாருடையது?' நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டதால் ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை இல்லை. அத்தை கதவோரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டு கேள்வி மட்டும் கேட்டாள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் முறை வந்தது.

"எங்க வீட்ல எல்லா முடிவையும் எங்கம்மாகிட்ட விட்டுட்டோம். வயசானவங்களுக்குப் பொழுது போகணும்ல?"

வகுப்பு சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அவருடைய காது நுனி சிவந்திருந்தது. அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று மருமகளுக்குத் தெரியாதா?

"கதவுகிட்ட இருக்கறவங்க, நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றாள் சட்டென்று.

"பொழுதுபோக்கா?" அத்தை எழுந்தே விட்டார். "தம்பி, நாப்பது படுக்கை இருக்கற வார்டுல நான் யோசிச்சுக்கிட்டு நின்னா ஒரு உசிரு போயிடும். பட்டுனு சொல்லணும், பட்டுனு செய்யணும். வேலையை விட்டு வந்தாச்சு, வாய் மட்டும் இன்னும் டூட்டியிலேயே இருக்கு. வீட்ல மருமக ஒருத்தி இருக்கா. நல்ல பொண்ணு. அவ வாயைத் திறக்கறதுக்குள்ள நானே முடிச்சுடறேன். அவளும் நாலு வார்த்தை சொல்லட்டும்னு ஆசைதான். நான் எங்க விடறேன்?"

இத்தனை வருடத்தில் இதை அத்தை ஒரு நாளும் சொன்னதில்லை.

சொல்லிவிட்டு நிறுத்தினாரா என்றால், அதுதான் இல்லை. மருமகளைப் பேச விடாத தன் குணத்தை விலாவாரியாக விளக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போனார், மாமாவின் முட்டிவலிக்கு வந்தார், மறுபடி ஆஸ்பத்திரிக்கே போனார். பேக்கரிக்காரரும் ஒரு கூச்ச சுபாவப் பெண்ணும் இன்னும் பேசவில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியை கையைக் கட்டிக்கொண்டு மருமகளையே பார்த்தார்.

"அத்தை, போதும்! உக்காருங்க. மத்தவங்களும் பேசணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

"அத்தையா?" என்றார் டாக்ஸிக்காரர். "அப்போ அந்த மருமக...?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நிமிர்ந்து பார்க்க மருமகளுக்குத் தைரியமில்லை. ஒருவழியாகப் பார்த்தபோது அத்தை உட்கார்ந்திருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பேக்கரிக்காரர் பேசினார். கூச்சப் பெண்ணும், "முடிவு யாரு எடுத்தாலும் என்னையும் ஒரு வார்த்தை கேக்கணும்," என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். எல்லாரும் பேசியாயிற்று. மார்க் கைக்கு வந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது.

கதவோரத்தில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. வார்டிலும் சரி, வீட்டிலும் சரி, பேசுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்டு அறியாத கை.

"நான் ஒண்ணு சொல்லலாமாம்மா?" என்றார் அத்தை.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

"சுருக்கமா சொல்லுங்க, அத்தை," என்றாள்.