வைரஸ் ஒட்டும் வேகம்

திபிலீசி நகர ஆய்வுக்கூடத்தில் மக்வாலாவுக்குக் கணக்குப் போடுவதுதான் வேலை. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் அதன்மேல் எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது என்று மூத்த ஆய்வாளர் ரமாஸ் அளந்து தருவார். அந்த எண்களைச் சமன்பாட்டில் போட்டு, நோயாளிக்கு மருந்தாக எவ்வளவு வைரஸ் வேண்டும் என்று இவள் சொல்வாள். இந்த முறை நோயாளி அவள் தம்பி ஜும்பெர். சர்க்கரை நோயில் ஆறாத புண். மருந்து வேலை செய்யும் என்று மாலைக்குள் சொல்லாவிட்டால், மருத்துவர் பாதத்தை வெட்டி எடுத்துவிடுவார்.

ரமாஸ் தந்த எண்கள், அதாவது ஒட்டாமல் மிஞ்சிய வைரஸின் கணக்கு, ஒரே கோட்டில் அழகாக இறங்கின. அவ்வளவு அழகாக வந்த எண்ணைக் கணக்குக்காரி நம்புவாளா, கண்ணுகளா? அதே பாக்டீரியா, அதே வைரஸ், அவர் சொல்லிக்கொடுத்த அதே செய்முறை. அவளே செய்து பார்த்தாள். ஒட்டவே இல்லை. மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே எண்களை எழுதிவிட்டாரோ?

அவரை மறுபடி செய்யச் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். ரமாஸ் முதுகைத் திருப்பிக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்துக் குடுவையில் சாய்த்தார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல தாயே. உன் வேலையப் பாரு."

"உங்க வேலையத்தான் பாக்குறேன்."

பையில் கைவிட்டு அவளே எடுத்தாள். மலையூற்றுத் தண்ணீர் பாட்டில்.

"நேத்து விருந்துல குடிச்ச ஒயின் இன்னும் தெளியலையா?"

"குடிக்கிறதுக்கு இல்லம்மா." ரமாஸின் காது சிவந்தது. "வைரஸ் ஒட்டக் கால்சியம் வேணும். தொண்ணூறுகள்ல கரண்டும் இல்லாம கால்சியம் உப்பும் இல்லாம தவிச்சோமே, அப்ப பழகினது. இந்தத் தண்ணியில கால்சியம் இருக்கு. இப்ப அலமாரி நெறைய உப்பு இருக்கு. இன்னமும் பாட்டில்தான்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்கன்னு மறைச்சீங்களா? நான் உங்கள மோசக்காரன்னே முடிவு பண்ணிட்டேன்!"

எண்கள் பொய்யில்லை. மக்வாலாவின் மூச்சு கொஞ்சம் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது.

"ஏங்க, என் தம்பி கால்ல ஊத்துத் தண்ணியா ஓடுது?"

ரமாஸ் மருத்துவமனைக்குப் போன் செய்து, புண்ணில் கசியும் நீரை அனுப்பச் சொன்னார். வந்ததும் அதிலேயே பாக்டீரியாவையும் வைரஸையும் கலந்தார்கள். எண்ணிப் பார்க்க அவர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்க எடுக்க, அவள் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றாள்.

"கண்ணால என்னை எரிச்சுடாதே."

"கைய மட்டும் பாருங்க."

கோடு இறங்கியது. மெதுவாக, முன்பு இறங்கியதில் பாதிகூட இல்லாமல். ஆனால் இறங்கியது. மக்வாலா புதிதாகக் கணக்குப் போட்டு மருத்துவரை அழைத்தாள்.

"ஒட்டுது டாக்டர். ரொம்ப மெதுவா. மருந்த நல்லாக் கூட்டணும், கட்டுத்துணிய அடிக்கடி மாத்தணும்."

"உன் கணக்க நம்பலாமா?"

"நம்ப வேண்டாம். தெனமும் புண்ணைப் பாருங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் கத்திய எடுக்காதீங்க."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"சரி. ஞாயிறு வரைக்கும்."